அழகுசாதனக் கடையில் குதிரை விற்பதில்லை

அக்கா மகள் கைபேசியை நீட்டி, "மாமா, இந்தக் கடையில் பவுடர், கண்மை எல்லாம் விற்கிறார்களா?" என்று கேட்டாள். அவள் விளையாடும் இணைய விளையாட்டில் தமிழ் மொழியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். திரையில் இருந்த வரி இது: "எங்கள் அழகுசாதனப் பொருட்கள் விளையாட்டின் சமநிலையைப் பாதிக்காது." கீழே ஒரு கறுப்புக் குதிரை, ஒரு தொப்பி, முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஜோடிச் சிறகு. மூன்றுக்கும் விலை போட்டிருந்தார்கள். பவுடர் மட்டும் இல்லை.

இதே மொழிபெயர்ப்பை நான் சந்திப்பது இது முதல்முறை அல்ல. விளையாட்டுச் செய்திகளில் ‘அழகுசாதனக் கடை’ என்று படித்திருக்கிறேன். ஒரு காணொளியின் தமிழ் வரிகளில் ‘அழகுசாதன வாள்’ என்றே பார்த்தேன். வாளுக்கு எதற்கு முகப்பூச்சு? இனியும் சும்மா இருக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

‘அழகுசாதனம்’ என்று இங்கே மொழிபெயர்த்திருப்பது ‘காஸ்மெடிக்’ என்ற ஆங்கிலச் சொல்லை. அதன் வேர் கிரேக்க மொழியின் ‘காஸ்மோஸ்’. ஒழுங்கு, அழகிய அமைப்பு, அணிகலன் என்பவை காஸ்மோஸின் பொருள்கள். ஒழுங்காக அமைந்தது என்பதால் பேரண்டத்துக்கும் அதே பெயர் வந்தது. அழகுபடுத்துதல் என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்த சொல், பிற்பாடு ‘மேல்தோற்றத்தை மட்டும் மாற்றுகிற, உள்ளே ஒன்றும் செய்யாத’ என்ற பொருளையும் பெற்றது. விளையாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளைத்தான். சொல் வரலாறு இவ்வளவு போதும்.

ஒரு பாத்திரமாக நாமே மாறி ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டில் ஒரு கவசத்தை அணிந்தால் காப்பு கூடும், ஒரு வாளை எடுத்தால் தாக்கும் வலிமை கூடும். அந்த வலிமையைச் சேர்க்கத்தான் ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அதைக் காசுக்கு விற்றால் உழைத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலான போட்டி செத்துப்போகும். ஆகவே விற்பவர் ஒரு வாக்குக் கொடுக்கிறார்: "நாங்கள் விற்பது தோற்றத்தை மட்டும் மாற்றும், வலிமையைத் தொடாது." காஸ்மெடிக் என்ற ஒற்றைச் சொல் அந்த வாக்கைச் சுமக்கிறது. தமிழில் வரும் சொல்லும் அதைச் சுமக்க வேண்டும்.

‘அழகுசாதனம்’ அதைச் சுமக்கவில்லை. அது வடசொல் கலந்தது என்பதல்ல என் குறை. பவுடர், கண்மை, நகப்பூச்சு ஆகியவற்றுக்கு அது பொருத்தமான சொல், கடைப்பலகையிலும் செய்தித்தாளிலும் நன்றாகவே நிலைத்திருக்கிறது. சாதனம் என்றால் கருவி, வழி. அழகை உண்டாக்கும் கருவி அழகுசாதனம். ஆனால் விளையாட்டில் விற்பது அழகை உண்டாக்கும் கருவியே அல்ல. சில நேரம் அது அழகாகக்கூட இருப்பதில்லை. எலும்புக்கூடு முகமூடி, பாசி படிந்த அங்கி, புழு நெளியும் கேடயம் எல்லாம் அதே கடையில்தான் கிடைக்கின்றன. ‘அழகுசாதனம்’ பொருளின் அழகைப் பேசுகிறது. ‘காஸ்மெடிக்’ பொருளின் எல்லையைப் பேசுகிறது. இரண்டும் வேறு வேறு.

எல்லை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐஸ்லாந்தில் உருவான ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டை விடச் சிறந்த சாட்சி இல்லை. 2011 ஜூன் மாதம் அதில் தோற்றத்தை மட்டும் மாற்றும் பொருள்களுக்கு ஒரு கடை திறந்தார்கள். அங்கே விற்பனைக்கு வந்த ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்றின் விலை அமெரிக்க டாலரில் 60க்கு மேல். வாங்கியவர் தம் விண்கல அறையில் தனியாக நிற்கும் பாத்திரத்துக்கு அதை மாட்டிக்கொள்ளலாம். மற்றவர்கள் உருவப்படத்தில் பார்க்கலாம். போரில் ஒரு குண்டின் பயனும் இல்லை. அப்படியும் கலகம் வெடித்தது. விளையாட்டின் பெரிய சந்தையான ஜிட்டாவில் ஆட்டக்காரர்கள் விண்கலங்களோடு திரண்டு, அழிக்கவே முடியாத ஒரு நினைவுச்சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடியின் விலை மட்டும் அவர்களைக் கொதிக்க வைக்கவில்லை. வலிமை தரும் பொருள்களையும் காசுக்கு விற்கலாமா என்று விவாதித்த நிறுவனத்தின் உள்சுற்று இதழ் ஒன்று அதே நாள்களில் வெளியே கசிந்திருந்தது. இன்று கண்ணாடி, நாளை பீரங்கிக் குண்டு என்ற அச்சம் அது. ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகளை நிறுவனம் அழைத்துப் பேசி, விளையாட்டைப் பாதிக்கும் பொருளை விற்கும் திட்டம் இல்லை என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. அக்டோபரில் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஊழியர்கள் வேலை இழந்தார்கள்.

இந்த வரலாற்றை ‘அழகுசாதனப் பொருள் விற்பனையால் கலகம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்?

சரி, வேறு எந்தச் சொல்?

சொல்லாராய்ச்சியில் ஊறிய நண்பர் ஒருவர் ‘அணி’ என்றார். ஒரு நொடி நானும் மயங்கினேன். கிரேக்கத்தில் காஸ்மோஸின் வினைச்சொல் அணிகலன் பூட்டுவதையும் குறிக்கும், படையை வரிசைப்படுத்துவதையும் குறிக்கும். தமிழிலும் அப்படியே: நகை அணி, செய்யுளுக்கு அணி, படைக்கு அணிவகுப்பு. இரண்டு பழைய மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது உண்மையிலேயே வியப்புத்தான். ஆனாலும் விளையாட்டுக்குள் அணி என்றால் குழு. "உங்கள் அணியில் நால்வர்" என்று எழுதிய திரையிலேயே "உங்கள் அணியை மாற்றுக" என்றால், தொப்பியை மாற்றுவதா, தோழனை மாற்றுவதா? வேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் குழப்பம் தருகிற சொல் வேண்டாம்.

‘புனைபொருள்’ என்றார் இன்னொருவர். புனைதல் அழகான பழஞ்சொல்தான். ஆனால் புனைவு என்றாலே இன்று கற்பனைக் கதை, புனைபெயர் என்றால் மாற்றுப்பெயர். புனைபொருள் என்றால் போலிப்பொருள் என்று காதில் விழும். காசு கொடுத்து வாங்கியவர் கோபித்துக்கொள்வார்.

‘மேல்பூச்சு’ பொருளுக்கு மிக நெருங்கி வருகிறது. ‘மேல்பூச்சான சீர்திருத்தம்’ என்று அரசியல் கட்டுரைகளில் எழுதுகிறோம். ஆனால் அதில் ஏளனம் இருக்கிறது. பொருளைச் சொல்ல வேண்டிய சொல் தீர்ப்பும் வழங்கக் கூடாது.

என் தேர்வு ஒப்பனை. ஒப்பு என்ற அடியிலிருந்து வந்தது, ஒன்றைப் போல ஆக்குவது. அலங்காரம், ஒப்புமை என்ற இரு பொருளும் அதற்கு உண்டு. தெருக்கூத்தில் அருச்சுனன் வேடம் கட்டுபவர் தலையில் கிரீடமும் தோளில் புயக்கட்டையும் ஏறுகின்றன. கட்டை ஏறியதால் அவர் கையில் வில் வலிமை ஏறுவதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஒப்பனை என்றாலே ‘உள்ளிருப்பவர் மாறவில்லை’ என்று தமிழ் மனம் புரிந்துகொள்கிறது. நமக்கு வேண்டிய எல்லை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நடிகர் முகத்தில் பூசுவதற்கு மட்டும் உரியது ஒப்பனை என்று சிலர் மறுப்பார்கள். கிரீடமும் உடையும் சேர்ந்ததுதான் கூத்தில் ஒப்பனை. சில பொது இடங்களில் கழிப்பறையை ஒப்பனை அறை என்று எழுதிவைத்திருப்பதையும் காட்டுவார்கள். அந்தத் தவறைத் திருத்த வேண்டியவர்கள் பலகை எழுதுகிறவர்கள். அதற்காக நல்ல சொல்லைக் கைவிட முடியாது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. வாளுக்கோ குதிரைக்கோ வேறு தோற்றம் தரும், ஆங்கிலத்தில் ‘ஸ்கின்’ என்று சொல்லும் ஒப்பனைப் பொருளைத் தமிழில் ‘தோல்’ என்று எழுதுகிறார்கள். ‘துப்பாக்கித் தோல்’, ‘குதிரைத் தோல்’. குதிரைத் தோல் வாங்கினால் செருப்புத்தானே தைக்கலாம்? சீன மொழியிலும் தோல் என்ற பொருள்படும் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று வாதிடுகிறார்கள். சீனர்களுக்கு அது பொருந்துகிறது. நம் மொழியில் தோல் என்பதற்குக் கேடயம் என்ற பொருள் சங்க காலத்திலேயே உண்டு. விலங்கின் தோலால் செய்த கேடயம் அது. போர் விளையாட்டில் ‘தோல்’ விற்றால், தமிழ் படித்தவர் காப்பைக் கூட்டும் பொருள் என்றே எண்ண நியாயம் இருக்கிறது. வலிமை தராது என்று சொல்ல வேண்டிய இடத்தில் வலிமை தரும் பொருளின் பெயரை வைத்திருக்கிறோம்!

இதற்கு ‘கோலம்’ போதும். பழனி மலையில் முருகனுக்கு ஒரு வேளை ஆண்டிக்கோலம், ஒரு வேளை வேடன் கோலம், ஒரு வேளை ராஜ அலங்காரம். மூர்த்தி ஒன்றுதான், கோலம்தான் மாறுகிறது. வாளின் கோலம், குதிரையின் கோலம் என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். வாசலில் போடும் கோலத்தோடு குழம்பாதா என்று கேட்கலாம். ‘வாளின்’ என்ற சொல் முன்னால் நிற்கும்போது குழம்ப வழியில்லை.

அடுத்தது கடையின் பெயர். ‘கேஷ் ஷாப்’ என்பதைப் ‘பணக்கடை’ என்கிறார்கள். பணத்தையே விற்கும் கடை போல ஒலிக்கிறது. ‘காசுக்கடை’ என்று திருத்த வேண்டாம், அந்தப் பெயர் நாணயம் மாற்றுவோர் கடைக்கு உரியது. கேஷ் என்பதே தமிழின் காசுதான் என்று பெருமையோடு எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீழை நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறித்த கேஷ், போர்ச்சுகீசியர் வழியாகக் காசிலிருந்து போனது உண்மை. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் வேறு, அது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் பணப்பெட்டியிலிருந்து வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே உருவில் வந்து நின்றுவிட்டன.

‘ரொக்கக் கடை’யும் சரியல்ல. ரொக்கம் கடனுக்கு எதிர்ச்சொல். விளையாட்டில் வேறுபாடு ரொக்கத்துக்கும் கடனுக்கும் இடையில் இல்லை, ஆட்டத்துக்குள் சம்பாதிக்கும் காசுக்கும் நம் சட்டைப்பையிலிருந்து போகும் பணத்துக்கும் இடையில் இருக்கிறது. கொரியாவின் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டு 2003இல் வந்தது. அதில் அரக்கனைக் கொன்றால் கிடைக்கும் காசு மெசோ. கேஷ் ஷாப்பில் பொதுவாக மெசோ செல்லாது, நிஜப் பணம் கட்ட வேண்டும். அந்த வேறுபாட்டைச் சொல்ல ‘மெய்ப்பணக் கடை’ என்கிறேன். மெய்ப்பணம், ஆட்டக்காசு என்று இணையாக எழுதிப் பாருங்கள், ஒரு வரி விளக்கமும் வேண்டியிருக்காது.

விளையாட்டுக்குள் நடக்கும் விற்பனையை ஆங்கிலத்தில் ‘மைக்ரோ டிரான்சாக்ஷன்’ என்கிறார்கள். அதன் தமிழாக்கமான ‘நுண்பரிவர்த்தனை’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2010 ஏப்ரலில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் விண்மீன்கள் மின்னும் ஒரு குதிரையை 25 டாலருக்கு விற்றார்கள், வாங்க லட்சத்துக்கு மேற்பட்டோர் இணைய வரிசையில் நின்றார்கள். இதில் நுண்மை எங்கே? ‘உள்விற்பனை’ என்றால் போதும்.

‘லூட் பாக்ஸ்’ என்பதைக் ‘கொள்ளைப் பெட்டி’ ஆக்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டிக்குள் இருப்பது தெரியாமல் காசு கட்டுகிறோம், வருவது அதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்படும்வரை தெருவுக்குத் தெரு இதைத்தான் பார்த்தோம். குலுக்கல் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, ‘குலுக்கல் பெட்டி’ என்போம். 2018இல் பெல்ஜியம் சில விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் மேப்பிள்ஸ்டோரியை நடத்தும் நெக்சான் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது, குலுக்கலின் வாய்ப்பு விகிதத்தை ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் மாற்றியதற்காக. கொள்ளை என்றால் திருடனை நினைப்போம், குலுக்கல் என்றால் சூதை நினைப்போம். நினைக்க வேண்டியது சூதை.

ஒப்பனையும் குலுக்கலும் சேர்ந்து வருவதும் உண்டு. 2017 நவம்பரில் கில்டு வார்ஸ் 2 விளையாட்டில் சவாரி விலங்குகளுக்கு 30 கோலங்களை வெளியிட்டு, எது கிடைக்கும் என்று தெரியாமலே வாங்க வைத்தார்கள். வலிமை கூடவில்லை, வாக்கு மீறப்படவில்லை. ஆனாலும் எதிர்ப்பு எழுந்தது, நிறுவனத் தலைவர் விளக்கம் தர நேர்ந்தது. தெளிவான இரு சொற்கள் இருந்தால் இதை ‘ஒப்பனைக் குலுக்கல்’ என்று இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம்.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. அவருக்குப் படம் வருவதில்லை, விளையாட்டு வருவதில்லை, அட்டவணை ஒன்று வருகிறது. இடப்பக்கக் கட்டத்தில் ‘காஸ்மெடிக்’ என்று ஒற்றைச் சொல். அகராதியைத் திறந்தால் முதலில் வருவது அழகுசாதனம். அவர் அதை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறார். ஆனால் அந்தக் கட்டத்தில் இருப்பது குதிரையா பவுடரா என்று ஒரு கேள்வி அனுப்பியிருக்கலாமே? பதில் வரும்வரை காத்திருக்கவும் அதற்குக் கூலி தரவும் வேண்டியது வேலை கொடுப்பவரின் கடமை.

ஒப்பனை என்ற சொல்லைக் கண்டபடி இழுப்பதையும் நான் ஏற்கமாட்டேன். பிளாக் டெசர்ட் விளையாட்டில் இலைதழை மூடிய ஓர் உடை விற்றார்கள். அணிந்தவரின் பெயர் எதிரியின் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டக்காரர்கள் மோதிக்கொள்ளும் விளையாட்டில் மறைந்து நிற்பது பெரிய ஆதாயம். அது வேட்டைக்காரன் பதுங்கும் உடை, அதை ஒப்பனை என்று எழுதக்கூடாது.

அக்கா மகளிடம் அந்தக் கடையை மறுபடி திறக்கச் சொன்னேன். சிறகின் கீழே சிறிய எழுத்தில் ‘ஓட்ட வேகம் +3’ என்று இருந்தது. அவளுடைய குறிப்பேட்டில் வரியை இப்படி மாற்றி எழுதிக் கொடுத்தேன்: "இந்த மெய்ப்பணக் கடையில் குதிரையின் கோலமும் தொப்பியும் ஒப்பனைப் பொருள்கள், அவை உங்கள் வலிமையைக் கூட்டமாட்டா. சிறகு ஒப்பனைப் பொருள் அன்று." அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்படியென்றால் முதலில் எழுதியிருந்தது பொய்யா, மாமா?" ஆமாம் என்றேன்.