செவிக்கல்

மீனின் தலையைப் பிளந்து மூளைக்கு அடியில் தேடினால், இருபுறமும் சின்னஞ்சிறு வெள்ளைக் கற்கள் கிடைக்கும். விலங்கியலில் இதற்கு ஓட்டோலித் என்று பெயர். கிரேக்கத்தில் 'ஓட்டோ' காதையும் 'லித்தோஸ்' கல்லையும் குறிக்கும். தமிழில் செவிக்கல். காதுக்கல் என்றாலும் பொருள் பிழையில்லை, ஆனால் கம்மலில் பதித்த கல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

மனிதக் காதில் இருப்பது கல் அல்ல, ஓட்டோகோனியா என்னும் நுண்படிகங்கள். கிரேக்கத்தில் 'கோனிஸ்' என்றால் தூசி. ஆகவே அதைச் செவித்துகள் என்று பிரித்து எழுதுவதே முறை.

எலும்பு மீன்களுக்குப் பக்கத்துக்கு மூன்று செவிக்கற்கள் உண்டு; கேட்டலுக்கும் சமநிலைக்கும் அவையே உதவுகின்றன. எல்லாமே கால்சியம் கார்பனேட். மீனின் உடலும் நீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால், ஒலி அலை வரும்போது உடலும் நீரோடு சேர்ந்தே அசையும். கனமான கல் மட்டும் பின்தங்கும். அந்தப் பின்தங்கலில் கல்லுக்கு அடியிலுள்ள மயிர்ச்செல்களின் (அதிர்வை உணரும் செல்கள்) நுண்மயிர்கள் வளைய, மீனுக்குக் கேட்கிறது. கல்லின் எடைதான் இங்கே எல்லாம்.

அந்தச் செய்தி பின்மூளையிலுள்ள ஓர் இணைப் பெரிய நரம்புச் செல்களுக்குப் போகிறது. மௌத்னர் செல் என்பது அதன் பெயர். லுட்விக் மௌத்னர் 1859இல் விவரித்தது. இடப்பக்கம் அதிர்ந்தால் இடச்செல் தூண்டப்படும், அதன் இழை குறுக்கே கடந்து வலப்பக்கத் தசைகளைச் சுருக்கும். சில மில்லிநொடிகளில் மீன் பிறைபோல் வளைந்து, ஆபத்துக்கு எதிர்ப்புறம் பாய்ந்துவிடும்.

உட்செவி பழுதானால் இந்தப் பாய்ச்சல் தொடக்கத்திலேயே தடுமாறும். மயிர்ச்செல் குறையுள்ள வரிக்குதிரை மீனின் மரபணுத் திரிபுகள் சில 1998இல் விவரிக்கப்பட்டன. அவற்றின் குஞ்சுகள் இருக்கும் தட்டைத் தட்டினாலும் திடுக்கிடுவதில்லை; நீந்தினால் வட்டமடிக்கின்றன. அதனாலோ என்னவோ ஸ்புட்னிக், ஆர்பிட்டர், மரைனர் என்று விண்கலப் பெயர்களாகவே வைத்திருக்கிறார்கள். சமநிலைக்குரிய செவிக்கல் உருவாகாத குஞ்சுகளின் பாடு இன்னும் மோசம். நிமிர்ந்து நிற்கவே முடியாமல் பெரும்பாலும் இளமையிலேயே மடிந்துவிடுகின்றன.

கல் இருந்தும் சரியில்லாமல் போவது வேறு கதை. கேட்டலுக்குரிய பெரிய கல் இயல்பில் அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட் படிகம். பண்ணையில் வளரும் சால்மன்களில் அது வாட்டரைட் என்னும் வேறொரு கால்சியம் கார்பனேட் படிகமாக மாறிவிடுவது காட்டு மீன்களைவிட மிக அதிகம். வாட்டரைட் அடர்த்தி குறைந்தது, எளிதில் நொறுங்குவது. அதைச் சுமக்கும் மீனுக்குக் கேட்கும் திறன் குறைகிறது. கேட்பது குறைந்தால் ஓடத் தூண்டும் முதல் குறியும் மங்கும். இந்த நிலைக்குச் 'செவிக்கல் திரிபு' என்ற தொடர் பொருந்தும். கல்லே உருவாகாததைச் 'செவிக்கல் இன்மை' என்று எழுதலாம். இவற்றுக்கும் மயிர்ச்செல் குறைக்கும் பொதுவாகச் 'செவிக்குறை' என்று போட்டுவிட்டால், பழுது கல்லிலா மயிர்ச்செல்லிலா என்பது தெரியாமலே போய்விடும்.