போர்: துளையா, விட்டமா, வேலையா?

டூ ஸ்ட்ரோக் வண்டி இழுவை குறைந்து, கிக்கரை மிதிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் கால் இறங்கினால் மெக்கானிக் சொல்லும் முதல் வாக்கியம்: “போர் பாக்கணும்.” சிலிண்டர் பிளாக்கைக் கழற்றிப் பார்த்த பிறகு, “போர் தேஞ்சிருக்கு.” லேத்து பட்டறைக்குக் கொடுத்தனுப்பும்போது, “போர் பண்ணிட்டு வாங்க.” மூன்றிலும் ‘bore’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்தான். ஆனால் முதலாவதில் அது ஓர் அளவு, இரண்டாவதில் சிலிண்டரின் உட்சுவர், மூன்றாவதில் ஒரு வேலை. தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பழைய ஆங்கிலத்தில் ‘போரியன்’ என்றால் துளைத்தல். ஜெர்மனில் ‘போரென்’, இலத்தீனில் ‘ஃபொராரே’. எல்லாம் ஒரே குடும்பம். கிணறு தோண்டும் போர்வெல்லும், துப்பாக்கிக் குழலின் போரும் இதே வேரிலிருந்து வந்தவை. படம் ‘போர்’ அடிக்கிறது என்கிறோமே, அந்தச் சொல் ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டில் தலைகாட்டியது. அதுவும் இதே வேரா என்பதில் சொல்லாய்வாளர்களிடையே இன்னும் முடிவில்லை. நம்முடைய சண்டைப் போருக்கும் வைக்கோற்போருக்கும் இதில் எந்த உறவும் கிடையாது.

துளைத்தல் என்ற சாதாரண வினை எந்திரச் சொல்லாக உயர்ந்ததற்கு ஒரு கதை உண்டு. ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தை வடிவமைத்துவிட்டார். ஆனால் பிஸ்டன் ஒட்டி ஓடும் அளவுக்கு வட்டமான சிலிண்டரைக் கடைந்து கொடுக்க ஆளில்லை. அன்றைய எந்திரங்களில் வெட்டுமுனை, வார்ப்பிலேயே இருந்த கோணல் துளையின் போக்கிலேயே போகும்; சுவரில் நீராவி கசியும். பீரங்கிக் குழல் துளைக்க 1774இல் காப்புரிமை பெற்றிருந்த ஆங்கிலேய இரும்பாலை அதிபர் ஜான் வில்கின்சன், அடுத்து சிலிண்டருக்கென்றே ஓர் எந்திரம் அமைத்தார். துளைக்கும் தண்டை சிலிண்டருக்குள் முழுக்க விட்டு, இரு முனையிலும் தாங்கிப் பிடித்தார். தண்டு அசையவில்லை, துளையும் கோணவில்லை. 50 அங்குல விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுகூடப் பிழையில்லை என்று வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் 1776இல் வியந்து எழுதினார். இன்று நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு வாதாடும் லேத்துக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

அளவு என்ற பொருளில் போர் என்பது சிலிண்டரின் உள்விட்டம். யமஹா ஆர்எக்ஸ் 100இல் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரமும், 50 மி.மீ.; துளையின் வட்டப் பரப்பை ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் 98 சிசி. போரை மட்டும் 1 மி.மீ. பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 102 சிசி ஆகிவிடும். யமஹாவின் டர்ட் பைக்கான ஒய்இசட் 125இல் போர் 54 மி.மீ., ஸ்ட்ரோக் 54.5 மி.மீ.

தேய்மானம் பார்ப்பது என்றால் இந்த விட்டத்தைப் பல இடங்களில் அளப்பதுதான். மேலே, நடுவில், கீழே என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் முன்பின்னாக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் முன்பின் சுவர்களில்தான் அதிகம் உரசும். அதனால் வட்டம் நீள்வட்டமாகும். பட்டறையில் இதற்கு ‘ஓவல்’ என்று பெயர். வெடிப்பின் அழுத்தமும் சூடும் மேலே அதிகம், அங்கே எண்ணெயும் நிற்காது. ஆகவே மேல்பகுதி கூடுதலாகத் தேய்ந்து துளை கூம்பாகும். அது ‘டேப்பர்’. டூ ஸ்ட்ரோக்கில் சுவரெங்கும் போர்ட்டுகள், அதாவது வாயு வந்துபோகும் வாய்கள், திறந்திருப்பதால், உள்விட்டம் அளக்கும் போர் கேஜின் முனை அந்த ஓட்டைகளுக்கு நேரே நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர் கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிஸ்டன் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை, மெல்லிய தகடுகளாலான பீலர் கேஜால் அளக்க வேண்டும். தேயாத அடிப்பகுதியில் ஒருமுறை, மேலே ஒருமுறை. இரண்டின் வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று கிடைக்கும். வித்தியாசம் 0.31 மி.மீ. என்றால் போர் 0.10 மி.மீ. விரிந்திருக்கிறது. ஓவலை இது காட்டாது, டேப்பருக்குப் போதும்.

பழைய வண்டிகளில் பிளாக்குக்குள் இறக்கிய இரும்புக் குழல், அதாவது லைனர், தேய்ந்தால் அதைக் கடைந்து பெரிதாக்கலாம். இன்றைய டர்ட் பைக்குகளில் அந்தப் பேச்சு செல்லாது. அலுமினிய பிளாக்கின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சுதான் இருக்கும். மாலே நிறுவனம் 1967இல் கொண்டுவந்த ‘நிக்காசில்’ இந்த வகையில் பெயர்பெற்றது. அதைக் கடைந்தால் பூச்சு போய்விடும். மறுபடி பூச வேண்டும், இல்லையென்றால் லைனர் இறக்க வேண்டும். இங்கே கண்ணால் பார்ப்பதும் அளப்பதற்குச் சமம்: எக்சாஸ்ட் போர்ட்டின் விளிம்பில் பூச்சு உரிந்து அலுமினியம் தெரிந்தால், அளவு சரியாக இருந்தாலும் பிளாக் தேறாது.

இனி தமிழ்ச்சொல். தச்சர்கள் இடும் துளைக்கும், துளையிடும் ஊசிக்கும் ‘தமர்’ என்ற பழஞ்சொல் உண்டு. துளைக்கருவிக்குத் ‘துரப்பணம்’ என்றும் பெயர். தமர் அழகான சொல்தான். ஆனால் தமர் என்றால் உறவினர் என்றும் பொருள். “தமர் தேய்ந்துவிட்டது” என்று எழுதினால் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். ‘துளை’ மட்டும் எழுதினால் சிலிண்டரில் ஓட்டை விழுந்ததாகத் தோன்றும். ஒரே சொல்லால் மூன்றையும் சமாளிக்கப் பார்ப்பதுதான் சிக்கல். அளவைச் சொல்லும்போது ‘உள்விட்டம்’, இடத்தைச் சொல்லும்போது ‘உருளையின் உட்சுவர்’, வேலையைச் சொல்லும்போது ‘உட்கடைசல்’ என்று பிரித்துவிட்டால் குழப்பமில்லை. கடைசல் பட்டறை என்ற பெயர் முன்பே ஊரில் புழங்குவதால் கடைசிச் சொல் அந்நியமாகவும் படாது.

தேய்ந்த போரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோருக்கு ‘மறுதுளையிடல்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே புதுத்துளை எதுவும் விழுவதில்லை, இருப்பது 0.25 மி.மீ.யோ 0.50 மி.மீ.யோ விரிகிறது, அவ்வளவுதான். ‘விரிகடைசல்’ என்றால் நடப்பதைச் சொல்கிறது. பட்டறை வாசலில் நின்று சொல்வதற்கு மட்டும் ‘ரீபோர்’தான் சரி, அங்கே விரிகடைசல் கேட்டால் ஏதோ கடையின் பெயர் என்று நினைத்து வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.