புது மீட்டர், பழைய சென்சார்: பொருந்தாத ஜோடி

பழைய பிக்கப்புக்கு இணையத்தில் பளபளவென்று மீட்டர் செட் வாங்கி மாட்டிவிட்டு, "பெட்ரோல் முள் கண்டபடி காட்டுது, மீட்டர் டூப்ளிகேட் போல" என்று வண்டியைக் கொண்டுவருகிறார்கள். இதற்கு ஒரு முடிவே இல்லை. பெரும்பாலும் மீட்டர் நன்றாகத்தான் இருக்கும். டேங்கில் கிடந்து பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் சென்சாரைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

"12 வோல்ட் வண்டி, 12 வோல்ட் மீட்டர், அப்புறம் என்ன?" வம்பே இங்குதான். வோல்ட் ஒத்துப்போனால் போதாது. ஓம், அதாவது சென்சாரின் மின்தடை, ஒத்துப்போக வேண்டும். 1970களின் செவர்லே டேங்க் சென்சார் காலியில் 0 ஓம், நிரம்பினால் 90. அதே காலத்து ஃபோர்டில் தலைகீழ்: காலியில் 73, நிரம்பினால் 10 அளவில். கடையில் தனியாகக் கிடைக்கும் அமெரிக்க மீட்டர்கள் பலவற்றுக்கும் 240 என்றால் காலி, 33 என்றால் ஃபுல். அதைச் செவர்லே சென்சாரோடு சேர்த்தால்? டேங்க் நிரம்பியிருக்கும்போது முள் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். பெட்ரோல் குறையக் குறைய ஏறும். வண்டி நடுரோட்டில் நின்றுபோகும்போது ஃபுல் காட்டும். டட்சன், ஹைலக்ஸ், லேண்ட் ரோவர் எல்லாவற்றுக்கும் கணக்கு வேறு. ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் போட்டால் சரியாகும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ரெசிஸ்டர் ஓமைக் கூட்டும், தலைகீழ்க் கணக்கைத் திருப்பிப்போடாது.

காசு கொடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி, சென்சார் வயரை மீட்டரிலிருந்து பிரித்து, காலி, பாதி, ஃபுல் மூன்று நிலையிலும் மல்டிமீட்டரில் பார்த்து எழுதிவையுங்கள். டேங்க் எர்த்தையும் (டேங்கை வண்டியின் உடலோடு சேர்க்கும் மின் இணைப்பு) சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் துருவே சில ஓம் சேர்த்துவிடும். சென்சாரையே மாற்றுவதென்றால், தயவுசெய்து அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தில் டேங்கைத் திறக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். 1967–72 செவர்லே போன்ற வண்டிகளில் டேங்கே இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள் இருக்கிறது.

டெம்பரேச்சர் மீட்டருக்குப் பேச்சே வேண்டாம், அதோடு வரும் சென்சாரையே போடுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றாதீர்கள். எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். எர்த் கெட்டால் முள் குளிர்ச்சியாகவே காட்டும், அதற்குள் இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட் போய்விடும்.

ஆயில் பிரஷர் சென்சாரில் அமெரிக்க மரை அங்குலத்துக்கு 27, ஜப்பானிய இன்ஜினில் 28. முதல் இரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பேனரால் திருகினால் இன்ஜினின் அலுமினியம் விரிசல் விடும். இரண்டு மரையையும் சேர்த்துவைக்கும் அடாப்டர் சில வெள்ளிதான்.

ஆம்பியர் மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் போடுவது நல்ல யோசனை, அதுவும் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பெரிதாகப் போட்டிருந்தால். ஆனால் பழைய இரண்டு கனத்த வயரையும் அப்படியே வோல்ட் மீட்டரில் செருகினால் சார்ஜே ஏறாது. அவை இரண்டையும் போல்ட் போட்டு இணைத்து நன்றாக இன்சுலேட் செய்யுங்கள். வோல்ட் மீட்டருக்கு இக்னிஷனிலிருந்து தனி வயர், சிறிய பியூஸோடு. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சரி.

சார்ஜ் விளக்கில் மட்டும் எல்இடி வேண்டாம். பல வண்டிகளில் அந்தக் குண்டு பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது.

பழைய ஃபோர்டிலும் லேண்ட் ரோவரிலும் மீட்டருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்க ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும் (லேண்ட் ரோவரில் 10 வோல்ட்). 12 வோல்ட் புது மீட்டருக்கு அந்த வயரில் மின்சாரம் எடுக்காதீர்கள், பழைய மீட்டருக்கு நேரடி 12 வோல்ட்டும் கொடுக்காதீர்கள். கருகிவிடும்.

ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டர் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: கேபிஇ விரைவுச்சாலைச் சுரங்கம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் சிக்னல் இல்லாமல் எந்த வேகத்தில் போகிறீர்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? பழைய ஸ்பீடோமீட்டர் கேபிள் நன்றாக இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். கழற்றியே ஆகவேண்டும் என்றால், கியர்பாக்ஸில் பொருத்தி, சுழற்சியை எண்ணி வேகம் சொல்லும் பல்ஸ் சென்சார் வாங்குங்கள், ஓடோமீட்டர் எண்ணை முதலில் படம் பிடித்துவையுங்கள், பழைய மீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.