பம்பை மாற்றும் முன்: பழைய டிராக்டரில் ஹைட்ராலிக் தூக்காதபோது

"பம்ப் போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க." பழைய டிராக்டரில் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தால் கலப்பை போன்ற கருவியைத் தூக்கும் அமைப்பு) தூக்கவில்லை என்று வருபவர்கள் பலர் நோயோடு மருந்தையும் சொல்லிவிடுகிறார்கள். புதுப் பம்ப் போட்ட பிறகும் தூக்காத வண்டி ஒன்று ஒருமுறை என்னிடம் வந்தது. பம்ப் ஆயில் உறிஞ்சும் இடத்திலிருந்த சல்லடை முழுக்கச் சேறு. கழுவிப் புது ஆயில் ஊற்றியதும் தூக்கிவிட்டது.

அதனால் முதலில் ஆயிலைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கிவிட்டு அளவெடுக்க வேண்டும். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நுரைத்து, பம்பும் ஊளையிட்டால் உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது; பெரும்பாலும் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ஓரிங் என்ற ரப்பர் வளையம்தான் காரணம்.

அடுத்த கேள்வி, எப்போது தூக்கவில்லை என்பது. காலையில் நன்றாகத் தூக்கி, ஒரு மணி நேரம் உழுததும் சோர்ந்துவிட்டால், சூட்டில் நீர்த்துப்போன ஆயில் தேய்ந்த இடைவெளிகளில் கசிகிறது. அப்போது பம்பைச் சந்தேகிப்பது நியாயம். லேசான கருவியைத் தூக்கி, கனமானதற்கு மறுத்தால், அழுத்தம் அளவுக்கு மேல் ஏறாமல் ஆயிலைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வும் கணக்கில் வரும். பிரஷர் கேஜ் வைக்காமல் அதை முறுக்கி ஏற்றாதீர்கள். குழாயோ பம்போ வெடித்துப் போகலாம்.

கருவியைத் தூக்கி எஞ்சினை அணையுங்கள். சட்டென்று இறங்கினால் லிஃப்ட் சிலிண்டரின் பிஸ்டன் சீலோ, ஆயிலைப் பிடித்து வைக்கும் வால்வோ கசிகிறது. எஞ்சின் ஓடும்போது கருவியைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் கைகள் விட்டுவிட்டுத் தலையாட்டுவதும் பெரும்பாலும் இதே கசிவுதான்: இறங்க இறங்க வால்வ் மறுபடி தூக்கிவிடுகிறது.

இதைப் பார்க்கிறேன் என்று தூக்கிய கருவிக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். வெளிக்குழாய்க் கசிவை விரலால் தடவித் தேடுவதும் வேண்டாம். ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேட, விரலுக்குப் பதில் ஒரு காகித அட்டையைக் காட்டிப் பார்த்தால் போதும்.

அப்புறம், தூக்கிய கருவி இறங்கவே இல்லை என்றும் சிலர் வருவார்கள். பல வண்டிகளில் இருக்கைக்கு அடியில் இறங்கும் வேகத்தைக் குறைக்கும் திருகு ஒன்று இருக்கும். யாரோ அதை முழுக்க மூடி வைத்திருப்பார்கள்.