சொல் விளக்கம்: ஸஸ்லூஷென்னி மாஸ்தர் ஸ்போர்த்தா

ரஷ்ய ஒலிம்பிக் வீராங்கனைகளைப் பற்றிப் படித்தால் பெயருக்குப் பக்கத்தில் இந்தப் பட்டம் வரும். தமிழில் இதை 'கௌரவ விளையாட்டு மாஸ்டர்' என்று எழுதினால், 'கௌரவ', 'மாஸ்டர்' இரண்டுமே பொருளைக் கெடுத்துவிடும்.

ரஷ்ய மொழியில் 'ஸ்லுஷீத்' என்றால் பணி செய்தல். 'ஸா' என்ற முன்னொட்டு சேர்ந்து 'ஸஸ்லுஷீத்' ஆனால், உழைத்து ஈட்டுதல். அதிலிருந்து வந்ததுதான் 'ஸஸ்லூஷென்னி'. கௌரவ டாக்டர் பட்டம் ஆராய்ச்சி செய்யாதவருக்கும் கிடைக்கும். இது களத்தில் ஈட்டியவருக்கு மட்டும். 'மதிப்புறு' என்ற சொல்லும் இதனால்தான் பொருந்தாது. 'மாஸ்தர்' என்றால் இங்கே துறையில் தேர்ந்தவர்; வேர் லத்தீன் மொழியின் 'மாகிஸ்தர்'. நம் ஊரில் மாஸ்டர் என்றால் டான்ஸ் சொல்லிக்கொடுப்பவர், இல்லையென்றால் பரோட்டா போடுபவர்.

1934இல் சோவியத் ஒன்றியம் உருவாக்கிய பட்டம் இது. ஒன்றியம் கலைந்த பிறகும் ரஷ்யா தொடர்ந்து வழங்குகிறது. வெறும் 'மாஸ்தர் ஸ்போர்த்தா', அப்புறம் சர்வதேசத் தர மாஸ்தர், அதற்கும் மேலே இது.

இசைக்கு ஏற்ப வளையம், பந்து போன்றவற்றோடு ஆடும் ரித்மிக் ஜிம்னாஸ்டிக்ஸில், குழுவாக ஆடுபவர்களுக்கு இந்தப் பட்டம் தனி மதிப்புடையது என்று நினைக்கிறேன். 13 மீட்டர் சதுர விரிப்பில் ஐந்து பேர் ஆடுகிறார்கள். ஏறத்தாழ இரண்டரை நிமிடம். ஐவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். ஒருத்தி வளையத்தைத் தவறவிட்டால் எல்லோருக்கும் குறையும். முடிவுப் பட்டியலில் நாட்டின் பெயர்தான் முன்னால் நிற்கும். தனிநபர் பிரிவில் வெல்பவரை உலகம் பெயர் சொல்லி அழைக்கும்; குழுவில் ஆடியவரை 'ரஷ்ய அணி' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பட்டமோ ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் வருகிறது.

பென்சா நகரத்து நத்தாலியா லாவ்ரோவாவைப் பாருங்கள். 2000இல் சிட்னியில் குழுத் தங்கம். அடுத்த ஒலிம்பிக்கில் மற்ற எல்லோரும் மாறிவிட்டார்கள், அவர் மட்டும் இருந்தார். 2004இல் ஏதென்ஸிலும் தங்கம். ரித்மிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் வீராங்கனை அவர்தான். 2010இல் கார் விபத்தில் இறந்தார். வயது 25. தனிநபர் பிரிவில் ஒரே தங்கம் வென்றவர்களை அறிந்த ரசிகர்கள் பலருக்கு இவர் பெயர் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தகைசால்' என்பதே என் தேர்வு. தகை என்றால் தகுதி, பெருமை. சால் என்றால் நிறைந்த. தமிழ்நாடு அரசின் 'தகைசால் தமிழர்' விருதால் இன்று எல்லோருக்கும் பழகிய சொல். மாஸ்தருக்கு 'வித்தகர்'. 'வல்லுநர்' என்றால் ஆலோசனை சொல்பவர் போல ஒலிக்கிறது; வித்தகர் என்பதில் கைத்திறன் இருக்கிறது, இருபாலருக்கும் பொருந்தும். ஆக, தகைசால் விளையாட்டு வித்தகர்.

பயிற்சியாளர்களுக்கும் இதே அடைமொழியோடு ஒரு பட்டம் உண்டு: 'ஸஸ்லூஷென்னி த்ரேனெர்'. ரஷ்ய அணியை நெடுங்காலம் வழிநடத்திய இரினா வினெர் அதைப் பெற்றவர். அதைத் தகைசால் பயிற்றுநர் என்று எழுதலாம்.