டேங்க்கில் 50 டிகிரி, ஆக்சுவேட்டரில் டிகாஷன்

டர்பைனின் நீராவி வால்வுகளைத் திறந்து மூடும் கன்ட்ரோல் ஃப்ளூயிடை நாங்கள் ஆயில் என்றுதான் சொல்வோம். உண்மையில் அது பாஸ்பேட் எஸ்டர் என்ற, எளிதில் தீப்பிடிக்காத செயற்கைத் திரவம். பக்கத்திலேயே 540 டிகிரி நீராவிக் குழாய் ஓடுகிறது. சாதாரண ஹைட்ராலிக் ஆயில் அதன்மேல் கசிந்தால் பற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் இது. ஆனால் எளிதில் தீப்பிடிக்காது என்றால் எவ்வளவு சூட்டையும் தாங்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டில் கன்ட்ரோல் வால்வு ஒன்று நிலையாக நிற்காமல் ஆடத் தொடங்கியது. அதற்குப் போகும் ஃப்ளூயிடைக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வை மாற்றினோம். சில வாரத்தில் மறுபடி அதே ஆட்டம். டேங்க்கில் 50 டிகிரி, சாம்பிளும் வைக்கோல் நிறம். சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஷட்டவுனில், வால்வை அசைக்கும் ஆக்சுவேட்டரைக் கழற்றி உள்ளே தேங்கியிருந்ததைப் பாட்டிலில் பிடித்தால், முதல் டிகாஷன் மாதிரி கறுப்பு! லேகிங் (சூடு வெளியேறாமல் தடுக்கும் போர்வை) போட்டவர்கள் நீராவிக் குழாயோடு ஃப்ளூயிட் போகும் எங்கள் டியூபையும் சேர்த்துப் போர்த்தியிருந்தார்கள். வால்வு அசையாமல் நிற்கும்போது அங்கே ஓட்டமும் குறைவு. கிடந்த இடத்திலேயே வெந்திருக்கிறது.

கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் எஸ்டர் உடைந்து அமிலமாகும். அந்த அமிலமே மேலும் உடைக்கும். 10 டிகிரி ஏறினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. கருகியது சர்வோ வால்வின் சில மைக்ரான் இடைவெளியில் பிசினாக ஒட்டும். ஃப்ளூயிடின் மின்தடை இறங்கினால் அந்த வால்வுக்குள் நகரும் ஸ்பூலின் விளிம்பு அரிக்கும், உள்கசிவு கூடும், அந்தக் கசிவே இன்னும் சூட்டைக் கிளப்பும்.

ஃப்ளூயிடில் எவ்வளவு அமிலம் என்று காட்டும் அமில எண் 0.2ஐத் தொட்ட பிறகு, அமிலத்தை உறிஞ்சும் களிமண்ணான ஃபுல்லர்ஸ் எர்த் ஃபில்டரை அவசரமாகப் போடுவது இன்னொரு வம்பு. அமிலம் அதிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து சோப்புக் கூழாக்கிவிடும். அமிலத்தை எடுக்க அயனிப் பரிமாற்ற ரெசின் எவ்வளவோ மேல்.

அப்புறம், இப்போதெல்லாம் யூனிட் லோடுக்கு வந்ததும் தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னோடு ஆக்சுவேட்டர் பக்கம் ஒரு சுற்று போகிறேன். டேங்க்கைவிட டியூப் இருபது டிகிரி கூடக் காட்டினால் லேகிங்கைப் பிரிக்கச் சொல்வேன். "போன வாரம்தானே சார் போட்டோம்" என்பார்கள். பிரிக்கத்தான் வேண்டும்.