குற்றிழையா, நறுக்கிழையா?

"பருத்தி ஒரு பிரதான இழை." தருமபுரியில் நான் ஆடையியல் நடத்தும் கல்லூரிக்குத் தமிழில் பெயர்த்து வந்த பாடக் குறிப்பில் முதல் பக்கத்திலேயே இந்த வரி. எனக்கு இது நான்காவது முறை. பருத்தி நம் நாட்டில் பிரதானம்தானே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. அடுத்த வரிதான் காட்டிக்கொடுத்தது: "பட்டு பிரதான இழை அன்று." பட்டுக்கூடு அங்காடி இருக்கிற ஊரில் விடுவார்களா? பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்துவிட்டாள்: "மேடம், எங்க ஊட்ல புழு வளர்த்துதான் என்னைப் படிக்க வைக்கிறாங்க. பட்டு எப்படிப் பிரதானம் இல்லாம போகும்?"

ஆங்கில மூலத்தில் உள்ள சொல் ஸ்டேபிள். பழைய பிரெஞ்சில் சந்தை. இங்கிலாந்துக் கம்பளியை விற்க அரசு குறித்துக் கொடுத்த ஊருக்கு அந்தப் பெயர். 1363இல் பிரான்ஸ் கரையிலுள்ள கலே துறைமுகம் அப்படி ஆனது. சந்தையின் முக்கியச் சரக்கு என்பதிலிருந்து 'பிரதானம்' ஒரு கிளை. கம்பளியை மயிர் நீளம் பார்த்துத் தரம் பிரித்ததிலிருந்து 'இழை நீளம்' இன்னொரு கிளை என்பார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் பொருளோடு எழுந்து போய்விட்டார்.

ஆடையியலில் ஸ்டேபிள் என்றால் நீளம் குறைந்த இழை; பல இழைகளைச் சேர்த்து முறுக்கினால்தான் நூலாகும். பருத்தியும் ஆட்டுமயிரும் அப்படி. மிக நீண்ட பருத்தி இழையே சில சென்டிமீட்டர் அளவுதான். எதிர்ப்பக்கம் ஃபிலமெண்ட், அறுபடாமல் நீளும் இழை: நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஒரே இழை வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நண்பர் ஒருவர் 'நறுக்கிழை' என்கிறார். பாலியெஸ்டரை மனதில் வைத்துச் செய்த சொல் அது. ஆலையில் நீளமாக இழுத்து, பிறகு பருத்தி அளவுக்கு வெட்டுகிறார்கள், அங்கே பொருந்தும். பருத்தியை யார் நறுக்கியது? காயிலேயே அது அவ்வளவுதான் வளர்கிறது. செய்முறையை வைத்துப் பெயரிட்டால் இயற்கை இழை முழுக்க வெளியே நிற்கும். 'வெட்டிழை'க்கும் இதே கதி.

குற்றெழுத்து, நெட்டெழுத்து என்று பள்ளியில் படித்தோமே, அதே வழியில் குற்றிழை, நெட்டிழை போதும். "குற்றம் இழைத்தது மாதிரி இருக்கிறதே" என்று நண்பர் கிண்டலடித்தார். குற்றியலுகரத்தைக் கேட்டு யாராவது போலீசுக்குப் போனார்களா? அவருடைய இன்னொரு கேள்வி நியாயமானது: நீண்ட இழைப் பருத்தியை நீண்ட குற்றிழைப் பருத்தி என்பதா? வேண்டாம். அங்கே ஸ்டேபிள் என்பது வெறும் இழை நீளம். நீண்ட இழைப் பருத்தி என்று விவசாயிகள் சொல்வதே சரி, தொட வேண்டியதில்லை.

பட்டும் குற்றிழை ஆவது உண்டு. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் நெட்டிழை துண்டு துண்டாகிவிடும். அந்தக் கழிவைத்தான் பஞ்சு போல நூற்கிறார்கள். 'நூற்பு' என்ற சொல்லுக்கு உரிய இடம் அது.

ஆனால் எழுத்தில் பார்க்கிறோமே 'பட்டு நூற்பாளர்', அவர் எதை நூற்கிறார்? கூட்டை வெந்நீரில் போட்டு, நுனி தேடி, பல கூடுகளின் இழைகளைச் சேர்த்துச் சுற்றி எடுக்கிறார். நூல் எடுப்பவர் என்று எழுதலாம். அங்காடியில் சொல்கிற மாதிரி ரீலிங்காரர் என்றாலும் எனக்குச் சம்மதமே.